மூன்று நாளாய் ஆய் போகவில்லை: தாய்ப்பால் குழந்தையின் வயிறும் சாயங்கால அழுகையும்

இரண்டு வீடுகளை எடுத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் குழந்தை பிறந்து 12 நாள். இரண்டு நாளாக ஆய் போகவில்லை. ஆனால் நன்றாகத் தூங்குகிறது, அழுது படுத்துவதில்லை. "தங்கமான பிள்ளை" என்று பாட்டி நெட்டி முறிக்கிறார். இன்னொரு வீட்டில் 2 மாதக் குழந்தை. ஐந்து நாளாக ஆய் இல்லை. பால் குடிக்கிறது, முகம் பார்த்துச் சிரிக்கிறது, காற்று மட்டும் பெரிய சத்தத்தோடு பிரிகிறது. அந்த வீட்டில் விளக்கெண்ணெய்ப் புட்டி வெளியே வந்துவிட்டது, வெற்றிலை வாங்க ஆள் போயிருக்கிறது.

கவலைப்பட வேண்டியது முதல் வீடு.

கைக்குழந்தையின் மலச்சிக்கல் பற்றிய குழப்பத்தில் பாதி இங்கேதான் இருக்கிறது. நாம் நாள் கணக்குப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியவை வேறு இரண்டு: குழந்தைக்கு எத்தனை வாரம், வரும் மலம் என்ன பதம்.

பிறந்ததும் முதலில் வருவது மெக்கோனியம். கரும்பச்சையாக, தார் போல ஒட்டும். துணியில் பட்டால் லேசில் போகாது. கருப்பைக்குள் குழந்தை விழுங்கிய பனிக்குட நீர், குடலிலிருந்து உதிர்ந்தவை, பித்தம் எல்லாம் சேர்ந்தது அது. பெரும்பாலான குழந்தைகள் 24 மணி நேரத்துக்குள் கழித்துவிடும். 48 மணி நேரமாகியும் வரவில்லை என்றால் அது வீட்டு வைத்தியத்துக்கான விஷயமே இல்லை. குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறக்கும் ஹிர்ஷ்ப்ரங் நோய் போன்றவை இருக்கிறதா என்று மருத்துவர் பார்த்தாக வேண்டும். சீம்பாலுக்கு இயல்பிலேயே குடலை இளக்கும் குணம் உண்டு. அதைப் பிழிந்து கொட்டிவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. குழந்தைக்கு இயற்கை தரும் முதல் மருந்து அங்கே சாக்கடைக்குப் போகிறது.

மூன்றாம் நான்காம் நாளில் நிறம் பச்சையும் பழுப்புமாக மாறும். ஐந்தாம் நாள் வாக்கில் மஞ்சளாகிவிடும்: தண்ணீர்ப் பதம், நடுவே கடுகு கடுகாகத் திப்பி. முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு 3, 4 முறையாவது இப்படிப் போக வேண்டும். பால் குடிக்கும்போதெல்லாம் போகும் குழந்தைகளும் உண்டு. வயிற்றுக்குள் பால் இறங்கியதும் பெருங்குடல் அசைந்து கொடுக்கும் அனிச்சைச் செயல் அந்த வயதில் அவ்வளவு வலுவாக இருக்கிறது. இதைப் பேதி என்று நினைத்துப் பயப்படுபவர்கள், ஆறு வாரம் கழித்து அதே குழந்தை நாலு நாள் போகாவிட்டால் மலச்சிக்கல் என்று பயப்படுவார்கள். பாவம் அந்தக் குழந்தை, எப்படிப் போனாலும் குற்றம்.

சரி, 12 நாள் குழந்தைக்கு ஏன் கவலை? அந்த வயதில் மலம் குறைவதற்கு முதல் காரணம் குடல் அல்ல, பால். உள்ளே போதுமான அளவு போகாததால் வெளியே வர ஒன்றுமில்லை. சரியாகக் குடிக்காத குழந்தை சத்தம் போடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. தெம்பில்லாமல் தூங்கிக்கொண்டேயும் இருக்கும். அதனால் சிறுநீரை எண்ணுங்கள். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 முறை துணி நன்றாக நனைய வேண்டும், நிறம் வெளிறியிருக்க வேண்டும். எடையைப் பாருங்கள். பிறந்த சில நாளில் எடை கொஞ்சம் இறங்குவது சகஜம், ஆனால் பிறந்த எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை ஏறும். இது நடக்கவில்லை என்றால் மருத்துவரையோ தாய்ப்பால் ஆலோசகரையோ பாருங்கள். குழந்தை காம்பை மட்டும் கவ்வுகிறதா, கருவளையத்தையும் சேர்த்து வாய் நிறையப் பிடிக்கிறதா என்று அவர்கள் நேரில் பார்ப்பார்கள். பகலும் இரவுமாக 8 முதல் 12 முறை பால் கொடுக்கிறோமா என்பதும் கணக்கில் சேரும். இந்தக் குழந்தைக்கு மலமிளக்கி கொடுப்பது, அடுப்பில் அரிசி வைக்காமல் கஞ்சி வடிக்கப் போவது போல.

இரண்டாவது வீட்டுக் கதை வேறு. ஏறக்குறைய 6 வாரத்தில் குடல் பக்குவப்படுகிறது, பழைய அவசரம் குறைகிறது. தாய்ப்பாலோ கிட்டத்தட்ட முழுவதும் உடம்பில் சேர்ந்துவிடுகிறது, சக்கை மிகக் குறைவு. அதனால் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு வாரம், சில சமயம் பத்து நாள்கூடப் போகாமல் இருக்கலாம். பால் நன்றாகக் குடித்து, எடை ஏறி, வயிறு தொட்டால் மெத்தென்று இருந்து, கடைசியில் வருவது கூழாக வந்தால் அது மலச்சிக்கல் இல்லை. வரும்போது ஒரேயடியாக முதுகு வரை வரும், அதற்கு மட்டும் தயாராக இருங்கள்.

உண்மையான மலச்சிக்கல் என்றால் மலம் ஆட்டுப் புழுக்கை போல உருண்டையாக, காய்ந்து, சில நேரம் ஆசனவாயைக் கீறி ரத்தக் கோட்டோடு வரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு இது அபூர்வம். பசும்பாலில் கேசின் என்ற புரதம் அதிகம். வயிற்றில் அது கெட்டியான திரட்டாக உறையும். தாய்ப்பாலில் வே என்ற இளகிய புரதமே கூடுதல். அது தவிர, தாய்ப்பாலில் ஒலிகோசாக்கரைடு என்ற சர்க்கரை வகை ஏராளமாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அதைக் குழந்தையால் செரிக்கவே முடியாது. அது குழந்தைக்கான சாப்பாடு இல்லை, குழந்தையின் குடலில் குடியேறும் நல்ல பாக்டீரியாவுக்கான சாப்பாடு. அவை அதைத் தின்று புளிக்க வைக்கும்போது மலம் இளகுகிறது, கூடவே வாயுவும் உண்டாகிறது. ஆக, தாய்ப்பால் குழந்தைக்கு வாயு பிரிவது கோளாறு இல்லை. பவுடர் பாலோ பசும்பாலோ சேர்த்த பிறகு மலம் இறுகினால் காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை.

முக்கி முக்கிச் சிவக்கும் குழந்தை

"ஆய் வர்றதுக்குள்ள முகமெல்லாம் ரத்தமா சிவந்துடுது, பத்து நிமிஷம் கத்துறான், அப்புறம் பார்த்தா தண்ணியாத்தான் போறான்." இதைச் சொல்லாத அம்மா குறைவு. தண்ணியாக வருவதற்கு ஏன் இத்தனை போராட்டம்?

மலம் கழிக்க ஒரே நேரத்தில் இரண்டு வேலை நடக்க வேண்டும். வயிற்றை இறுக்கி அழுத்த வேண்டும். அதே நொடியில் இடுப்புத்தளத் தசையையும் ஆசனவாயையும் தளர்த்த வேண்டும். நமக்கு இது யோசிக்காமல் நடக்கிறது. பிறந்து சில வாரமான குழந்தைக்கு முதல் வேலை தெரியும், இரண்டாவது தெரியாது. மேலே அழுத்துகிறது, கீழே மூடியே வைத்திருக்கிறது. அழுதால் வயிற்றில் அழுத்தம் கூடும் என்பதால் அழுகையும் அந்த முயற்சியின் பகுதி. மருத்துவத்தில் இதற்கு டிஸ்கீசியா என்று பெயர். நோய் இல்லை, பயிற்சிக் காலம். சில வாரங்களில் தானாகப் பழகிவிடும்.

இங்கேதான் வெற்றிலைக் காம்பு வருகிறது. விளக்கெண்ணெயில் தொட்டு ஆசனவாயில் வைத்தால் உடனே ஆய் வரும். வரும் என்பது உண்மை, அதுதான் சிக்கலே. தசையைத் தானாகத் தளர்த்தக் கற்றுக்கொள்ள வேண்டிய குழந்தைக்கு, வெளியிலிருந்து ஒன்று வந்து தொட்டால்தான் தளரும் என்ற பழக்கம் ஏற்படுகிறது. அந்த இடத்தின் தோல் மெல்லியது, கிழிந்தால் அடுத்த முறை வலிக்குப் பயந்து அடக்கும். சோப்புத் துண்டு வைப்பது இன்னும் மோசம், எரிச்சலை உண்டாக்கித்தான் அது வேலை செய்கிறது. விளக்கெண்ணெயை வாயில் புகட்டுவதோ கடும் வயிற்றுப்போக்கையும் நீரிழப்பையும் கொண்டுவரும். புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா.

அதற்குப் பதில் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்து, இரண்டு முழங்காலையும் மடக்கி வயிற்றோடு மெதுவாக அழுத்திச் சில நொடி பிடித்து விடுங்கள். நாம் குத்துக்கால் வைத்து உட்காருவதற்குச் சமம் அது. படுத்தபடியே ஒருவர் மலம் கழிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்தால் இதன் நியாயம் புரியும். நம் பாட்டிமார் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களுக்கு நடுவே பிள்ளையை உட்கார வைத்து ஆய் போக வைப்பார்களே, அதில் இருப்பதும் இதே அறிவுதான். ஆனால் அது கழுத்து நின்ற பிறகு. சைக்கிள் மிதிப்பது போல் கால்களை மாற்றி மாற்றி மடக்கி நீட்டுவதும் உதவும். தொப்புள்கொடி விழுந்து ஆறிய பிறகு, கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில் தடவிவிடலாம். பெருங்குடல் போகும் வழியும் அதுவே. பால் குடித்த உடனே வேண்டாம், அரைமணி நேரமாவது போகட்டும்.

விளக்கு வைக்கும் நேரத்து அழுகை

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் இன்னொன்று தொடங்கும். பகலெல்லாம் சமர்த்தாக இருந்த பிள்ளை, சாயங்காலம் ஆறு மணி ஆனால் வீறிட ஆரம்பிக்கும். கால் இரண்டையும் வயிற்றோடு மடக்கும், முஷ்டியை இறுக்கும், மார்பில் வாய் வைக்கும், விடும், மறுபடி தேடும். ஒன்பது பத்து மணி வரை வீடே தூக்கிக்கொண்டு நடக்கும். திருஷ்டி என்பார் ஒருவர். உரம் விழுந்திருக்கிறது, புடவையில் போட்டு உருட்ட வேண்டும் என்பார் இன்னொருவர்.

அமெரிக்க மருத்துவர் மாரிஸ் வெசல் 1954-இல் இந்த அழுகைக்கு ஓர் அளவுகோல் சொன்னார்: நன்றாக வளரும் குழந்தை, ஒரு நாளில் 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். 1962-இல் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் அம்மாக்களை நாட்குறிப்பு எழுத வைத்துப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லாத குழந்தைகளே 6-வது வாரத்தில் நாளுக்குச் சராசரியாக 2¾ மணி நேரம் அழுதார்கள், அதிலும் சாயங்காலத்தில்தான் அதிகம். பிறகு அது தானாக இறங்கியது. 3, 4 மாதத்தில் பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. குறைமாதக் குழந்தைக்கு இந்த 6 வாரத்தைப் பிரசவத் தேதியாக முதலில் குறித்துக் கொடுத்த நாளிலிருந்து எண்ண வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த தகவல் ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்திலிருந்து வருகிறது. அங்கே வேட்டையாடி வாழ்ந்த குங் சான் மக்கள் குழந்தையை நாளெல்லாம் உடம்போடு சுமப்பார்கள், மணிக்குப் பலமுறை பால் கொடுப்பார்கள். அவர்கள் குழந்தைகளின் அழுகையும் முதல் மூன்று மாதத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது என்று 1991-இல் ஆய்வாளர் ரொனால்ட் பார் குழுவினர் எழுதினார்கள். ஆனால் அழும் நேரம் மிகக் குறைவு. அழுகையே இல்லாமல் செய்ய யாராலும் முடியவில்லை, சுருக்க முடிகிறது. அதே ரொனால்ட் பார் இன்னொருவரோடு சேர்ந்து 1986-இல் வெளியிட்ட ஆய்வில், அழுகைக்காகக் காத்திராமல் பகலிலேயே கூடுதலாகத் தூக்கி வைத்திருந்த குழந்தைகள் 6-வது வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதார்கள். ஏற்கெனவே கோலிக் என்று முத்திரை விழுந்த குழந்தைகளிடம் இந்த வித்தை அவ்வளவு பலிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எப்படியும், "தூக்கித் தூக்கிப் பழக்காதே, கை சூடு கண்டுடும்" என்ற அறிவுரையை முதல் மூன்று மாதத்துக்கு ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடலாம்.

கால் மடக்குகிறதே, வயிறு உப்பியிருக்கிறதே, அது வாயுதானே? எந்தக் காரணத்துக்காக அழும் குழந்தையும் காலை மடக்கும். அழும்போது காற்றை விழுங்கும், வயிறு உப்பும். பாதி நேரம் வாயுவால் அழுகை வரவில்லை, அழுகையால்தான் வாயு வருகிறது.

சாயங்காலத்தில் பாலின் போக்கும் மாறுகிறது. காலையில் மார்பு கனத்திருக்கும், மாலையில் தொய்ந்திருக்கும். தொய்ந்த மார்பு காலி மார்பு இல்லை. அப்போது வருவது அளவில் குறைவு, கொழுப்பில் கூடுதல். குழந்தை அதை அரைமணிக்கு ஒருதரம் கேட்டு வாங்கி, நீண்ட தூக்கத்துக்கு முன் வயிற்றை நிரப்பிக்கொள்கிறது. இதைப் பார்த்துவிட்டு "உனக்குப் பால் பத்தல" என்று ஒரு குரல் கேட்கும். பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் நுழைவது பெரும்பாலும் இந்த ஏழு மணிக்குத்தான். ஒரு வேளை புட்டி கொடுத்தால் அந்த வேளைக்கு மார்பு வேலை செய்யாது, அதுவே வழக்கமானால் உண்மையிலேயே பால் குறையும். சிறுநீரும் எடையும் சரியாக இருந்தால் மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்: "இல்ல அத்தை, டாக்டர் எடை பார்த்துட்டாங்க, சரியா இருக்காம்."

பால் மிக அதிகமாகச் சுரக்கும் அம்மாக்களுக்கு எதிர்ப்பக்கச் சிக்கல். குழந்தை திணறிக்கொண்டு விழுங்கும், ஆய் பச்சையாக நுரையாகச் சீறியடித்துப் போகும். ஒரு பக்கத்தை நன்றாக முடிக்க விட்டு அப்புறம் மறுபக்கம் மாற்றுவதும், அம்மா கொஞ்சம் பின்னால் சாய்ந்துகொண்டு கொடுப்பதும் இதைக் குறைக்கும்.

ஏப்பம் பற்றி ஒன்று. தோளில் போட்டுத் தட்டினால் கோலிக் வராது என்று எல்லோரும் நம்புகிறோம். சண்டிகரில் 71 தாய், சேய் இணைகளை வைத்துச் செய்து 2015-இல் வெளியான ஆய்வில், ஏப்பம் எடுத்த குழந்தைகளின் அழுகை குறையவில்லை, பால் கக்குவது மட்டும் கூடியது. அதற்காகத் தோளில் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன்; நிமிர்த்தி வைத்துக்கொண்டு நடப்பது குழந்தைக்குப் பிடிக்கிறது. ஏப்பம் வரவில்லை என்று அரைமணி நேரம் முதுகைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம், அவ்வளவுதான்.

மற்றபடி சாயங்கால வைத்தியம் எளிது. முன்கையின் மேல் குப்புறப் போட்டு, உள்ளங்கை வயிற்றைத் தாங்க நடப்பது. வெதுவெதுப்பான நீரில் குளியல், ஆனால் சாம்பிராணிப் புகை வேண்டாம். விளக்கைக் குறைத்து, தொலைக்காட்சியை நிறுத்தி, வந்தவர்களை வெளி அறையிலேயே உட்கார வைப்பது. சட்டையில்லாத அப்பாவின் மார்பில் போட்டுக்கொள்வது. தாலாட்டுக்குக் குரல் நன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தூளியில் ஆட்டினால் பக்கத்திலேயே இருங்கள். சின்னக் குழந்தையின் தாடை நெஞ்சில் கவிழ்ந்து மூச்சு அடைபடலாம். தூங்கியதும் சமமான படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள்.

புட்டிகளும் உரைகல்லும்

கிரைப் வாட்டர் 1851-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக்காரர் விற்கத் தொடங்கியது. பழைய செய்முறையில் ஆல்கஹாலும் சர்க்கரையும் இருந்தன, குழந்தை சொக்கிப் போனதில் ஆச்சரியமில்லை. இப்போது ஆல்கஹால் போய்விட்டது. அழுகையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை.

வசம்புக்கு நம் ஊரில் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர். அதிலுள்ள பீட்டா அசரோன் என்ற பொருள் காரணமாக அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. சுட்டு உரைத்து நாக்கில் தடவ வேண்டாம், கையில் வளையலாகக் கட்டி அதைக் குழந்தை சப்பவும் வேண்டாம். பெருங்காயத்தைத் தொப்புளைச் சுற்றி மெல்லப் பூசினால் பெரிய கெடுதல் இல்லை, வாயில் கொடுத்தால் உண்டு: அப்படிக் கொடுத்த 5 வாரக் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போனது 1984-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. தேன் ஒரு வயது வரை கூடாது, அதிலுள்ள பாக்டீரிய விதைகள் பாட்டுலிசம் என்ற வாத நோயைத் தரலாம். அந்த நோயின் முதல் அறிகுறியே மலச்சிக்கல்தான். சித்திரை வெயிலிலும் ஆறு மாதம் வரை தனியாகத் தண்ணீர் தேவையில்லை.

மருந்துக்கடைச் சொட்டு மருந்துகளில் சிமெத்திகோன் தீங்கற்றது, ஆனால் வெறும் தண்ணீரைவிட மேல் என்று நிரூபணமாகவில்லை. டைசைக்ளோமின் கலந்த சொட்டு மருந்தை ஆறு மாதத்துக்குள் கொடுக்கவே கூடாது, மூச்சு நிற்கும் அபாயம் உண்டு. லாக்டோபேசிலஸ் ரியூட்டெரி என்ற நல்ல பாக்டீரியச் சொட்டுகள் தாய்ப்பால் குழந்தைகளின் கோலிக் அழுகையை ஓரளவு குறைப்பதாகச் சோதனைகள் சொல்கின்றன. மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம்.

அம்மா பருப்பு சாப்பிட்டால் பிள்ளைக்கு வாயு என்பதும் சரியில்லை. வாயு அம்மாவின் குடலில் உண்டாகிறது, அது ரத்தத்தில் ஏறிப் பாலுக்கு வருவதில்லை. பூண்டின் வாசனை பாலில் இறங்கும், ஆனால் 1991-இல் சோதித்தபோது குழந்தைகள் அந்தப் பாலை இன்னும் நேரம் பிடித்துக் குடித்தன. பத்தியக் குழம்பு செய்பவர்களுக்கு இது நல்ல செய்தி. காபி ஒன்றிரண்டு டம்ளரோடு நிற்கட்டும், பிறந்த குழந்தையின் உடம்பிலிருந்து காஃபின் வெளியேற நாள் கணக்கில் ஆகும். மலத்தில் சளியும் ரத்த இழையும் வந்து, தோலில் தடிப்பும் இருந்தால் மட்டும் அம்மா சாப்பிடும் பால் பொருள்களின் மேல் சந்தேகம் நியாயம். அதையும் மருத்துவர் சொல்லித்தான் நிறுத்த வேண்டும்.

எப்போது காத்திருக்கக் கூடாது? பச்சை நிறத்தில் பித்தமாக வாந்தி எடுத்தால். வயிறு பறை போல இறுகி உப்பினால். 3 மாதத்துக்குள் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டைத் தொட்டால். பால் வேண்டாம் என்று துவண்டு கிடந்தால். மலம் சுண்ணாம்பு போல வெளிறினால் அன்றே போங்கள். பித்தநாள அடைப்பாக இருந்தால் 60 நாளுக்குள் அறுவை செய்வதில்தான் பலன் அதிகம். வழக்கமில்லாத வீறிடலாக இருந்தால் துணியை அவிழ்த்துக் கவட்டையில் குடலிறக்க வீக்கம் இருக்கிறதா, கால் விரலில் தலைமுடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் ஆலோசனைக்கு 104, ஆம்புலன்சுக்கு 108.

இவை எதுவும் இல்லாமல், எல்லாம் செய்தும் எட்டரை மணிக்கு அது அழுதுகொண்டே இருக்கும் நாள் வரும். உங்களுக்கும் அழுகை வரும், சில நேரம் ஆத்திரமும் வரும். குழந்தையை ஒருபோதும் குலுக்காதீர்கள், மூளையில் ரத்தம் கசிந்துவிடும். யார் கையிலாவது கொடுங்கள். ஆள் இல்லையென்றால் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, கொல்லைப்புறமோ மொட்டை மாடியோ போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். ஐந்து நிமிடம் அழுதால் அதற்கு ஒன்றும் ஆகிவிடாது. அப்புறம் வந்து தூக்குங்கள்.